மாட்டுத் தீவனம் குதிரைக்கு ஆகுமா?

கேள்வி: மாதவரத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு விடும் இரண்டு பெண் குதிரைகள் வைத்திருக்கிறேன். பகலில் மணலிப் பக்கம் காலி நிலத்தில் மேய்கின்றன. அப்படியும் கொள்ளு, தவிட்டுச் செலவு தாங்கவில்லை, உடம்பும் தேறவில்லை. மாட்டுத் தீவனம் மலிவு, கொடுக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி. சில மாட்டுக் கலவைகளில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். மாடு தாங்கும், குதிரைக்கு இதயமே போய்விடும். மூட்டையின் மேல் அது எழுதியிருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

சரி, மலிவான மூட்டையைத் தேடுமுன் குதிரையின் எடை தெரியுமா? தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 155 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் 145 என்றால், 155 × 155 × 145 ÷ 11,880, சுமார் 293 கிலோ. அதில் 2 சதவீதம், காய்ந்த கணக்கில் நாளுக்கு 6 கிலோ நார்த்தீனி வேண்டும். பச்சைப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான், அப்போது 30 கிலோ புல். சித்திரை வெயிலில் அந்தக் காலி நிலத்தில் அவ்வளவு கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள். குறையைக் கடலைக்கொடியால் நிரப்புங்கள், வேர் மண்ணை நன்றாக உதறிவிட்டு. பூஞ்சை நாற்றம் வந்தால் தொடவே வேண்டாம்.

இந்தத் தவிட்டின் மேல் எனக்குத் தீராத கோபம். தீவனக் கடைக்காரர் அதைத்தான் தள்ளுவார், நாமும் உடம்பு வைக்கும் என்று அள்ளிப் போடுவோம். தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு. அதோடு தண்ணீர்ப்புல், கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) மாதிரிப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் உடம்பு கால்சியத்தை எலும்பிலிருந்துதான் உருவும். மூக்கின் இருபுறமும் முகம் வீங்கும், காரணமே தெரியாமல் நொண்டும். தவிட்டைப் பாதியாக்கி, அந்தக் காசில் கால்சியம் உள்ள தீவனப்பயிரான குதிரைமசால் வாங்குங்கள், பேரே சொல்கிறதே. கிடைக்காவிட்டால் வேலிமசால். கொள்ளு இருக்கட்டும், ஊறவைத்து, ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். எந்த மாற்றமும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்று, காய்ந்த மேய்ச்சலில் புல்லை வேரோடு பிடுங்கும்போது மணலும் உள்ளே போகும். சாணியை வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள், அடியில் மணல் நின்றால் வயிற்றுவலி வருமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுகிறதா? அப்படியானால் பல் கூராகியிருக்கும், எந்தத் தீனியும் உடம்பில் ஒட்டாது. முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டிப் போய் வாயைக் காட்டுங்கள், மூட்டைக் கணக்கை அப்புறம் பேசலாம்.