முதலில் கழுத்து, பிறகுதான் பிரிட்ஜ்

கேள்வி: ஐயா, பாகங்களாக வரும் கிட் வாங்கி நான்கு தந்தி பேஸ் கிட்டார் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். உடலுக்கு நானே வார்னிஷ் அடித்தேன். தந்தி கட்டிப் பார்த்தால், உடலை ஒட்டிய ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மெல்லிய ஜி தந்தி கழுத்தின் ஓரத்துக்கே போய்விடுகிறது. அழுத்தினால் வெளியே நழுவுகிறது. தடித்த ஈ தந்திப் பக்கம் இடம் தாராளம். உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கழற்றிக் கொஞ்சம் நகர்த்திவிடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் தம்பி, பிரிட்ஜில் இப்போது கை வைக்காதீர்கள். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை போட்டால் டிரில் முனை பழைய துளைக்குள்தான் சறுக்கும். கோளாறு பெரும்பாலும் கழுத்தில்தான் இருக்கும். 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த காலம் முதலே கழுத்தைத் திருகுகளால் உடலோடு இணைக்கும் வழக்கம் இருக்கிறது. கழற்றித் திருத்த முடிகிறதே, அந்த அமைப்பை நான் கொண்டாடுவது அதற்காகத்தான்.

வார்னிஷ் அடித்தேன் என்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். தந்திகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, அது உட்காரும் குழியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூலையில் வார்னிஷ் வழிந்து திரண்டிருந்தால் கழுத்து கோணலாகத்தான் உட்காரும். கூரான உளியால் வார்னிஷை மட்டும் சுரண்டி எடுங்கள். மரம் சீவப்படக் கூடாது. நம் பினாங்கு ஈரக்காற்றில் வார்னிஷ் உள்ளே இறுக நாளாகும். நகம் பதிந்தால் இன்னும் பொறுத்திருங்கள்.

அடுத்து, உடலில் உள்ள நான்கு துளைகள். திருகு அவற்றில் தடையில்லாமல் நுழைந்து, கழுத்து மரத்தை மட்டுமே கடிக்க வேண்டும். உடல் மரத்தையும் கடித்தால், எவ்வளவு முறுக்கினாலும் கழுத்து குழியில் அழுந்தாது, நகர்த்தவும் இடம் கொடாது. துளைகளைச் சற்றே பெரிதாக்குங்கள்.

இனிப் பூட்டுங்கள். ஈ, ஜி தந்திகளை மட்டும் லேசான இறுக்கத்தில் கட்டி, நான்கு திருகுகளையும் கால் சுற்று தளர்த்துங்கள். உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, கழுத்தின் தலைப்பகுதியை ஈ தந்தி இருக்கும் பக்கமாகத் தள்ளுங்கள். ஜி தந்தி உள்ளே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருபுறமும் இடைவெளி ஒத்துவந்ததும், பிடியை விடாமல் திருகுகளை இறுக்குங்கள். உடலின் விளிம்பில் அளவுகோல் வைத்துப் பார்க்காதீர்கள். வளைந்த விளிம்பு பொய் சொல்லும், தந்தி சொல்லாது.

இதற்கும் சரிப்படவில்லையென்றால்தான் பிரிட்ஜ். பழைய துளைகளில் கடின மரக்குச்சியைப் பசையோடு அடித்து, ஓர் இரவு காயவிட்டு, மட்டமாகச் சீவுங்கள். புதிய இடம் குறிக்கும்போது, நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதியும் பள்ளமிட்ட துண்டு) 12ஆம் ஃப்ரெட் வரை உள்ள தூரத்தை இரட்டியுங்கள். 34 அங்குல பேஸில் 12ஆம் ஃப்ரெட் வரை 17 அங்குலம், இரட்டித்தால் 34. ஜி தந்தியின் சேடில், அதாவது பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் சிறு தாங்கி, அந்த இரட்டிப்புத் தூரத்தில் நிற்க வேண்டும். தடித்த தந்திகளின் சேடில்கள் பின்னால் போக இடம் விடுங்கள். பிரிட்ஜுக்கு அடியில் வரும் எர்த் ஒயர் உலோகத்தைத் தொட்டபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். தொடாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் கேட்கும்.