எண்ணெய் மிதக்க வைத்த பூண்டு ஊறுகாய், தொக்கு ஆகியவற்றை வெளியே வைத்தால் பாட்டுலிசம் வருமா? எப்படித் தடுப்பது?

பாட்டுலிசம் என்பது உணவில் ஒரு பாக்டீரியா சுரக்கும் நஞ்சால் தசைகள் செயலிழக்கும் நோய். வர வாய்ப்பு உண்டு, ஆனால் எல்லா ஊறுகாயிலும் இல்லை. மாங்காய், எலுமிச்சை, நாரத்தை, நெல்லி இவற்றை வழக்கமான உப்பில் போட்டு வெளியே வைத்திருந்தால் இந்த நோயை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. பூண்டு, இஞ்சி, காளான், கோழி, இறால், மீன் போன்றவற்றைப் புளிப்பு போதாமல் எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பதுதான் ஆபத்து. இரண்டு வகையையும் ஒரே அலமாரியில், ஒரே நம்பிக்கையில் அடுக்கி வைக்கிறோம். சிக்கல் அங்கேதான்.

அந்த நம்பிக்கை எண்ணெய் மேல் இருக்கிறது. ‘மேலே எண்ணெய் நின்றால் கெடாது’ என்று சொல்வது பூஞ்சணத்தைப் பொறுத்தவரை சரி. பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும், எண்ணெய் அதை மறைத்துவிடுகிறது. ஆனால் பாட்டுலிசத்தை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா காற்றில்லாத இடத்தில்தான் வளரும். மண்ணில் எங்கும் இருக்கும் அதன் வித்துகள் (கொதிசூட்டையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவம், ஸ்போர்) பூண்டின் தோலோடும் வேரடியோடும் சமையலறைக்குள் வந்துவிடுகின்றன. அந்த வித்து வயிற்றுக்குள் போவதால் ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. பாட்டிலுக்குள் அது முளைத்துப் பெருகி நஞ்சு சுரந்தால்தான் கேடு. முளைக்க அதற்குக் காற்றில்லாத இடமும் ஈரமும் இளஞ்சூடும் வேண்டும், புளிப்பும் உப்பும் குறைவாக இருக்க வேண்டும். எண்ணெய்க்குள் கிடக்கும் பச்சைப் பூண்டுப் பல்லில் இவை அத்தனையும் உண்டு.

1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு பாட்டுலிசம் வந்தது. காரணம், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. குளிரில் வைக்க வேண்டிய பாட்டில் வெளியே இருந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலத்திலும் இதே பண்டத்தால் 3 பேர் பாதிக்கப்பட்ட பிறகு, விற்பனைக்கு வரும் எண்ணெய்ப் பூண்டில் அமிலமோ கிருமித் தடுப்புப் பொருளோ சேர்ப்பது அமெரிக்காவில் கட்டாயமானது. குளிரை மட்டும் நம்ப முடியாது என்பதுதான் அந்த முடிவுக்குக் காரணம்.

‘பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் காய வைத்துத்தான் போடுகிறேன்’ என்று பலர் சொல்வார்கள். நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் வித்து பாட்டிலில் இல்லை, பூண்டில் இருக்கிறது. ‘பூண்டை எண்ணெயில் வதக்கித்தானே போடுகிறோம்’ என்பதும் முழுப் பதில் ஆகாது. வதக்கும்போது பூண்டைச் சுற்றிச் சலசலவென்று குமிழ் வருகிறதே, அது உள்ளேயிருந்து வெளியேறும் நீராவி. அந்தக் குமிழ் வரும்வரை எண்ணெய் 160 டிகிரியில் இருந்தாலும் பல்லின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. 100 டிகிரியில் பாக்டீரியா சாகும், வித்து சாகாது. அதைக் கொல்ல 121 டிகிரி ஈரச் சூடு சுமார் 3 நிமிடம் வேண்டும், அதுவும் பண்டத்தின் நடுவிலேயே. குமிழ் முழுக்க அடங்கி, பூண்டு கையில் நொறுங்கும் அளவுக்கு மொறுமொறுப்பாகிவிட்டால் அது வேறு கதை. அங்கே ஈரமே இல்லை, வித்து இருந்தாலும் முளைக்காது. மெத்தென்று வதங்கிய பூண்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்படியானால் எதை நம்புவது? முதலில் புளிப்பை. பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் அளவு 4.6-க்குக் கீழே போனால் இந்த பாக்டீரியா வளராது. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் 2-க்கும் 3-க்கும் இடையே நிற்கும். பூண்டும் இஞ்சியும் 6-ஐ ஒட்டி இருக்கும், காளானும் மீனும் அதற்கு மேல். தக்காளி எல்லைக்கோட்டில், சுமார் 4.3 முதல் 4.9 வரை. அதனால்தான் புளிக்காய்ச்சல் தைரியமான பண்டம், வெறும் தக்காளித் தொக்கு அவ்வளவு இல்லை. அரை லிட்டர் தக்காளிக்கு ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ கால் டீஸ்பூன் எலுமிச்சை உப்போ (மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள்) சேர்த்தால் அது பத்திரமான பக்கம் வந்துவிடும். புளிப்பு நாக்கில் உறைத்தால் வெல்லம் சேருங்கள், புளிப்பைக் குறைக்காதீர்கள். வெல்லம் சுவையைத்தான் மாற்றும், அமிலத்தை அவ்வளவாக மாற்றாது. நாக்கு பிஎச் மீட்டர் அல்ல என்பதும் இதனால்தான்.

பூண்டுக்கு நான் சொல்வது, எண்ணெயைத் தொடும் முன்பே அமிலத்தில் ஊறவைக்கும் முறை. 970 கிராம் தண்ணீரில் 30 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்தால் 3 சதவீதக் கரைசல் கிடைக்கும். உரித்த பூண்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாதபடி நறுக்கி, 1 பங்கு பூண்டுக்கு 3 பங்கு கரைசல் என்று எடை பார்த்துப் போட்டு, மிதக்காமல் மேலே ஒரு தட்டை அழுத்தி, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். முழுப் பல்லாகப் போட்டால் அமிலம் நடுவரை அதே நேரத்தில் போகாது, நறுக்கச் சொல்வது அதற்காகத்தான். வடித்த பிறகு எண்ணெயில் போடலாம். வடிப்பதைத் தவிர வேறு அலசல் கூடாது. முழுப் பல்லாகவே வேண்டும் என்பவர்கள் அதை ஃபிரிட்ஜ் ஊறுகாயாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து ஊறுகாய் விற்பவர்கள் பிஎச் மீட்டர் வாங்கியே தீர வேண்டும். பிஎச் 4.00, 7.00 உள்ள இரண்டு சோதனைக் கரைசலிலும் மீட்டரைச் சரிபார்த்துவிட்டு, எண்ணெயை வடித்த துண்டுகளை அரைத்து அளக்க வேண்டும். மேலே நிற்கும் சாற்றை மட்டும் அளந்தால் துண்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. போட்ட அன்றே அளப்பதிலும் பயனில்லை, சாறும் துண்டும் சமநிலைக்கு வர ஓரிரு நாள் பிடிக்கும். எண்ணெய் மீட்டரின் முனையில் படிந்தால் அளவு தவறும். பிஎச் தாள் வைத்திருப்பவர்கள் மசாலா சேர்க்கும் முன்பே சோதியுங்கள். மஞ்சளும் மிளகாயும் தாளில் ஏறிவிட்டால் எந்த நிறத்தையும் படிக்க முடியாது. தாள் 4 அல்லது அதற்குக் கீழே காட்டினால் மட்டும் நம்புங்கள். 4.5 என்று தாள் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

அடுத்து உப்பு. பண்டத்தில் இருக்கும் நீரில் 10 சதவீதம் உப்பு கரைந்திருந்தால் இந்த பாக்டீரியா வளராது. நீரில் என்பதைக் கவனியுங்கள், உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் எண்ணெயின் எடையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 1 கிலோ பூண்டில் ஏறக்குறைய 600 கிராம் நீர் இருக்கும். 200 மில்லி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் மொத்தம் 780 கிராமை ஒட்டி வரும். அதற்கு 90 கிராம் உப்பு வேண்டும். ரத்த அழுத்தம் என்று 40 கிராமாகக் குறைத்தால் அது 5 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. உப்பைக் குறைப்பது தவறல்ல. உப்பைக் குறைத்த ஊறுகாயைப் பழைய ஊறுகாய் போல வெளியே வைப்பதுதான் தவறு.

பூஞ்சணம் பூத்தால் மேலாக வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பூஞ்சணம் அமிலத்தைத் தின்று அந்த இடத்தின் புளிப்பைக் குறைத்துவிடும், அதற்கடியில் இந்த பாக்டீரியாவுக்கு இடம் கிடைத்துவிடும்.

அமிலம் ஏற்றாத பூண்டு எண்ணெய், பூண்டு விழுது, காளான் தொக்கு எல்லாவற்றுக்கும் ஃபிரிட்ஜில் 4 நாள்தான் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வையுங்கள், வேண்டியபோது ஒரு கட்டி எடுத்தால் போதும். ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கிறதா என்று ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். இந்த பாக்டீரியாவில் ஒரு வகை 10 டிகிரிக்குக் கீழே வளராது, இன்னொரு வகை 3 டிகிரியிலேயே மெல்ல வளரும். நாள் கணக்கு கறாராக இருப்பது அந்த இரண்டாவது வகைக்காக. அது வளர்ந்தால் பெரும்பாலும் நாற்றமும் வராது, மூடியும் உப்பாது. முகர்ந்து பார்த்து முடிவெடுப்பது இங்கே பயன்படாது.

காய்கறி, மூங்கில் குருத்து, கறி, மீன் போன்றவற்றைப் புளிப்பில்லாமல் பாட்டிலில் அடைத்து, தண்ணீரில் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் வெளியே வைக்கும் காணொளிகள் நிறைய வருகின்றன. செய்யாதீர்கள். 2006-ல் தாய்லாந்தின் ‘நான்’ (Nan) என்ற மாகாணத்தில் இப்படித் தகர டின்னில் அடைத்துக் கொதிக்க வைத்த மூங்கில் குருத்தைச் சாப்பிட்டு 209 பேர் நோயுற்றார்கள், பலருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. நம் பிரஷர் குக்கர் 121 டிகிரியைத் தொடுவது உண்மைதான். ஆனால் அது சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். பாட்டிலின் நடு அந்தச் சூட்டை எட்டியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை, அதற்கென்று சோதித்த நேர அட்டவணையும் இல்லை. உறைய வைப்பதே மேல்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மீன் தொக்கு, இறால் தொக்கு செய்து வேக்யூம் பேக் போட்டு அனுப்புகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வேக்யூம் என்பது காற்றை எடுப்பது, கிருமியை எடுப்பதல்ல. ஈரமுள்ள பண்டத்தை அப்படி அடைத்தால் உறைநிலையில்தான் போக வேண்டும், 20 மணி நேரப் பயணப்பெட்டியில் அல்ல. நன்றாகக் காய்ந்த நெத்திலிக் கருவாடு, இட்லிப் பொடி, பருப்புப் பொடி இவற்றை அடைத்து அனுப்பலாம். அரைக் காய்ச்சல் கருவாடு வேண்டாம்.

பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வயது வரை குழந்தையின் குடலில் இந்த வித்து முளைத்து அங்கேயே நஞ்சு சுரக்க முடியும். தேனில் அந்த வித்து இருக்கலாம், எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும். ஒரு துளிகூட வேண்டாம்.

நோய் வந்தால் காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும். முதலில் கண் இமை தொங்கும், பார்ப்பது இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பிறகு தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கி மூச்சுத் தசையைத் தொடும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும், 10 நாள் வரைகூட ஆகலாம். பக்கவாதம் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம் என்பதால், என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். எதிர்நஞ்சு மருந்து உண்டு. அது தளர்ச்சி மேலும் பரவுவதை நிறுத்தும், ஏற்கெனவே செயலிழந்த தசையை மீட்காது, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கூடச் சாப்பிட்டவர்களையும் அழைத்துப் போங்கள். மிச்சத்தைக் கொட்டாமல் மூடிக் கட்டி எடுத்துப் போங்கள், பரிசோதனைக்கு வேண்டியிருக்கும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாட்டில் மேல் சந்தேகம் மட்டும்தான் என்றால் ருசி பார்க்காமல் எறியுங்கள். 85 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கினால் நஞ்சு அழியும் என்பது உண்மை, ஆனால் சந்தேகப் பண்டத்தைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். எறியும்போது கையுறை போட்டு, பாட்டிலோடு இரண்டு பையில் கட்டிப் போடுங்கள். சிந்திய இடத்தில் 2 கப் தண்ணீருக்குக் கால் கப் ப்ளீச் கலந்து ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் துடையுங்கள். துடைத்த துணியும் அதே பைக்குள் போகட்டும்.