மகளின் பூப்பந்துக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். 13 வயது மகளின் பூப்பந்துப் பயிற்சிக்கு மாதம் 1,400 வெள்ளி போகிறது. கோலாலம்பூரில் ஒரு தனியார் அகாடமியில் சேர்க்க, தன் இபிஎஃப் ஃபிளெக்சிபல் கணக்கில் உள்ள 12,000 வெள்ளியை எடுக்கப் போவதாகச் சொல்கிறார் கணவர். அவருக்கு 45 வயது. பிள்ளையோ போட்டிக்கு முதல் நாள் வயிற்றுவலி என்று சாப்பிடுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. 2024 மே மாதம் வந்த அந்தக் கணக்கில் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அது கைச்செலவுப் பணம் மாதிரி தெரிகிறது, ஆனால் ஆண்டுக்கு 6 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டாலே அந்த 12,000 அவருடைய 60 வயதில் ஏறக்குறைய 28,760 வெள்ளியாக நிற்கும்.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்த வயிற்றுவலிதான். சேமிப்பை உடைத்துச் செலவழிக்கிற வீட்டில், கேட்காமலேயே அந்தக் கடன் பிள்ளை தலையில் ஏறிவிடுகிறது. தோற்றுவிட்டுப் பாலத்தில் காரில் திரும்பும்போது, "உனக்காக எவ்வளவு செலவு பண்றேன் தெரியுமா" என்று அப்பா ஒரு தடவை சொன்னால் போதும். பின் இருக்கையில் மட்டைப்பிடி டேப்பைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதை மறக்காது. அந்தப் பேச்சை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நிக்கோல் டேவிட் நம் பினாங்குப் பெண், ஸ்குவாஷில் 8 முறை உலக வெற்றியாளர், எல்லா அப்பாக்களும் அவரைத்தான் காட்டுவார்கள். சிவசங்கரியையும் காட்டுங்கள்: ஸ்குவாஷ் ஆடிக்கொண்டே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். அதனால் மகளின் படிப்புக்கான சேமிப்பையும் தொடாதீர்கள்.

சரி, செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும். வீட்டுக் கடன், மளிகை, அவசரச் சேமிப்பு எல்லாம் போக மாதச் சம்பளத்தில் மிஞ்சுவது எவ்வளவோ அதற்குள்தான் பூப்பந்து, திரும்பி வராவிட்டாலும் வருத்தப்படாத பணமாக அது இருக்கட்டும். பயிற்சிக் கட்டணம், மட்டை, அரங்க வாடகைக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 1,000 வெள்ளி வரை விளையாட்டுக்கென்றே கழிவு உண்டு, பிள்ளைக்குச் செலவழித்தாலும் சேரும்; ரசீதுகளை 7 ஆண்டு பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் வயிற்றுவலிக்கு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போட்டி இல்லாத ஒரு சாதாரண நாளில், நீங்களும் அவளும் மட்டும் வெளியே சாப்பிடப் போய், இரண்டு மாதம் ஓய்வு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள், அந்த மாதங்களுக்குக் கட்டிய கட்டணம் போனால் போகட்டும்.