காஸமர் ஆல்பம்: ஐந்து நிமிடத்தில் எதைப் பேசலாம்?

வணக்கம் தம்பி. பேஷன் பிட் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'காஸமர்' ஆல்பம் பற்றி டர்பனின் சாட்ஸ்வர்த் வானொலியில் ஐந்து நிமிடம் பேசணும், ஆனால் கேட்டால் வெறும் ஆட்டம் போடும் இசைதான், விமர்சகர்கள் ஏன் புகழ்ந்தார்கள் என்று பிடிபடவில்லை என எழுதியிருந்தீர்கள்.

2012-இல் வந்த இந்த இரண்டாவது ஆல்பத்தை அவர்கள் பாராட்டியதே, துள்ளும் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலிக்கு அடியில் மன உளைச்சலும் கடனும் குடியும் கிடந்ததால்தான். ஒலி திகட்டுகிறது என்றவர்களும் உண்டு. அதை ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

'டேக் எ வாக்' பாட்டில் நில்லுங்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவன் நியூயார்க்கின் பென் ரயில் நிலைய வாசலில் கார்னேஷன் பூ விற்கிறான். பாட்டில் பின்னால் வரும் இன்னொருவன் முதலீட்டில் நஷ்டப்பட்டுக் கடனில் தவிக்கிறான். குழுவின் பாடகர் மைக்கேல் ஏஞ்சலாகோஸ் சொந்தக் குடும்பத்துக் கதைகளிலிருந்து எடுத்தது இது. 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர்களின் வழிவந்த நமக்கா புரியாது? முதலில் வரிகளைத் தமிழில் சொல்லுங்கள், அப்புறம் பாட்டைப் போடுங்கள்.