விமானி சம்பளம் குறைந்தது யாரால்?

கேள்வி: அக்கா மகன் விமானியாவேன் என்கிறான். அதில் சம்பளம் இறங்கிக்கொண்டே போகிறதாமே, யார் பொறுப்பு?
- வாசகர், கீழக்கரை

பதில்: முதல் பொறுப்பு நிர்வாகங்களுக்குத்தான். அமெரிக்காவில் 1978-ல் அரசு கட்டணக் கட்டுப்பாட்டை விலக்கியதும் மலிவு டிக்கெட் போட்டி வந்தது, 2001 தாக்குதலுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வரிசையாக திவால் மனு போட்டு, அதைக் காட்டியே சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டின. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரைக் காப்பாற்றிய விமானி சல்லன்பெர்கர், அடுத்த மாதமே, 2009 பிப்ரவரியில், தன் சம்பளத்தில் 40 சதவீதம் போய்விட்டதென்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அதே மாதம் பஃபலோ நகருக்கு அருகே 50 பேர் இறந்த விபத்தில், துணை விமானி சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானத்தில் பயணித்து வேலைக்கு வந்த, குறைந்த சம்பளக்கார இளம்பெண். நினைத்தாலே மனசு கனக்கிறது.

மலிவு டிக்கெட் தேடும் நமக்கும் பங்கு உண்டு. பாம்பனில் டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதானே படகில் போனவருக்குப் பங்கு? மீன் விலை இறங்கினால் முதலில் அடிபடுவது அவர்தான், விமானிக்கும் அப்படித்தான். ஆனால் சம்பளம் இறங்கியே கிடக்கவில்லை: ஆள் பற்றாக்குறையும் சங்கங்களின் பேரமும் சேர்ந்து 2023-ல் அமெரிக்காவில் நல்ல உயர்வு கிடைத்தது.

மருமகனைத் தடுக்காதீர்கள். 200 மணி நேரம் பறந்தால்தான் இங்கே உரிமம், அதற்கு லட்சக்கணக்கில் ஆகும். வீட்டை மட்டும் அடகு வைத்துவிடாதீர்கள்.