அழுகை வரவில்லை என்றால் இரக்கம் இல்லையா? – கேள்வி பதில்

அடுத்தவர் துன்பத்தைப் பார்க்கும்போது நம் விசுவாசம் எந்த வகையில் கைகொடுக்கிறது, இதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், நினைத்ததைவிட நிறையவே வந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குருவானவர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. மதுரையில் 22 வருடமாக மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சபையில் இருந்துகொண்டு, வாரா வாரம் இன்னொருவரோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போய் வருகிறவன். என் பதில்களுக்கு அவ்வளவுதான் தகுதி.

கேள்வி: ஞாயிறு பூசையைத் தவற விடுவதில்லை. ஆனால் மாட்டுத்தாவணியில் காலில் புண்ணோடு ஒருவர் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு அருவருப்புதான் வருகிறது, இரக்கம் வரவில்லை. என் நெஞ்சு கல்லா? (ஒத்தக்கடையிலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, லூக்கா நற்செய்தி 10-இல், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியர் கதையை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். அவர் பரிவு கொண்டார் என்பது ஒரே ஒரு சொல்லில் முடிந்துவிடும். அப்புறம் வருவதெல்லாம் வேலை: கிட்டே போகிறார், காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்கிறார், கட்டுப் போடுகிறார், தான் ஏறிவந்த விலங்கில் அவரை ஏற்றுகிறார், சாவடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார், மறுநாள் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்து, கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறார். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. அந்த ரத்தத்தைப் பார்த்து அவருக்குக் குமட்டியதா இல்லையா என்று லூக்கா எழுதவே இல்லை.

இன்னொன்று, 'பரிவு கொண்டார்' என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நாம் 'அடிவயிறு கலங்கிப்போச்சு' என்கிறோமே, அதேதான். உங்களுக்கு வந்த குமட்டலும் அந்த வயிற்றிலிருந்துதான் வருகிறது, பார்க்காமலே போகிறவனுக்கு அதுகூட வராது. அடுத்த தடவை மூக்கைப் பொத்திக்கொண்டாவது கிட்டே போய் 'சாப்பிட்டீங்களா' என்று கேளுங்கள், புண் மோசமாக இருந்தால் 108-க்குப் போன் போடுங்கள். நெஞ்சைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். சரியா?

பதில்: அதைச் சொல்லாதீர்கள். நானும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஒரு மே மாதம், நல்ல வெக்கை. ஒரு வார்டில் ஒருவர் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் செபப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு வசனம் வாசித்து, சிலுவையைச் சுமந்தால்தான் மகிமை என்று பிரசங்கமே ஆரம்பித்துவிட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அண்ணே, கை வலிக்குது. இதைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" கவரை வாங்கினேன். கவரின் ஓரம் மடங்கி மடங்கி வெள்ளையாகிப் போயிருந்தது, எத்தனை மணி நேரம் வீசியிருப்பார் என்று தெரியவில்லை. அவர் சுவரில் சாய்ந்த வாக்கிலேயே தூங்கிவிட்டார். ஒன்றரை மணி நேரம் விசிறினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் நண்பர்களைப் பாருங்கள், ஏழு பகலும் ஏழு இரவும் வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது.

நம்ம கீழவெளி வீதிப் பேராலயம் யாருக்கு நேர்ந்த கோயில்? வியாகுல மாதாவுக்கு, அதாவது துயரம் சுமக்கும் மரியாளுக்கு. செப்டம்பர் 15 திருநாள். உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று, குழந்தை இயேசுவைக் கோயிலில் கையில் ஏந்திய சிமியோன் சொன்னாரே, அந்தத் தாய். மகனைச் சிலுவையில் அறைந்த கல்வாரியில் அவள் ஒரு வார்த்தை பேசியதாக எந்த நற்செய்தியிலும் இல்லை. ஆணியைப் பிடுங்கவும் அவளால் முடியவில்லை. சிலுவை அருகில் நின்றுகொண்டிருந்தாள், யோவான் எழுதியது அவ்வளவே. எத்தனையோ வார்டுகளில் எனக்குக் கால் ஓடத் துடிக்கும்போது அந்த 'நின்றுகொண்டிருந்தாள்' தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறவியிலேயே ஊனம். பெற்றோர் செய்த பாவம் என்கிறார்கள் எங்கள் தெருவில், அதுவும் கிறிஸ்தவர்களே.

பதில்: யோவான் 9-இல் சீடர்கள் இதையேதான் கேட்டார்கள், இவர் பார்வையற்றவராகப் பிறக்க யார் செய்த பாவம் காரணம், இவரா, பெற்றோரா? இரண்டு பேரும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று ஆண்டவரே சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் தெருவில் எவன் தீர்ப்பு சொன்னாலும் முகத்துக்கு நேராகவே மறுத்துப் பேசுங்கள்.

கேள்வி: மாமியாருக்குப் பக்கவாதம். 14 வருடம் என்னைப் படாத பாடு படுத்தியவர். இப்போது நான்தான் குளிப்பாட்டி, சோறூட்டுகிறேன். மனதில் துளி இரக்கம் இல்லை, கடமைக்குத்தான் செய்கிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்ல வேண்டுமா? (திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கச்சி)

பதில்: தங்கச்சி, தவக்காலத்தில் இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நினைத்துச் சிலுவைப் பாதை செய்கிறோமே, அதில் 5-ஆம் நிலை யாருடையது? சீரேன் ஊர் சீமோன். அவர் ஆசைப்பட்டு வரவில்லை, வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தித் தூக்க வைத்தார்கள். மனதுக்குள் என்ன திட்டியிருப்பாரோ. ஆனாலும் பாரம் தோள் மாறியது, ஒவ்வொரு வெள்ளியும் அவர் நிலையில் முழந்தாளிடுகிறோம். 6-ஆம் நிலையில் தானாக ஓடிவந்து முகம் துடைத்த வெரோணிக்காவுக்கு முன்னால் நிற்கிறார் இந்தச் சீமோன்.

நீங்கள் வேளாவேளைக்கு ஊட்டுகிற சோறு சோறுதான். அவரை வேண்டுமென்றே பட்டினி போட்டாலோ, புரட்டிப் படுக்க வைக்காமல் புண் வரவிட்டாலோ அதைக் குருவானவரிடம் சொல்லுங்கள். பாசம் வரவில்லை என்பது பாவமாகாது. முடிந்தால் செபமாலையில் ஒரே ஒரு மணியை அவர் பேருக்கு உருட்டுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினாலும் பரவாயில்லை. அப்புறம் வாரத்தில் ஒரு பொழுதாவது உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவரைப் பெற்றவர்தானே!

கேள்வி: வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு, ஒப்புக்கொடு என்கிறார்களே?

பதில்: உங்கள் வலியை நீங்கள் ஒப்புக்கொடுக்கலாம். அடுத்தவர் வலியை ஒப்புக்கொடுக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. போப் இரண்டாம் ஜான் பால் துன்பத்தின் பொருள் பற்றி 1984 பிப்ரவரி 11 அன்று ஒரு மடல் எழுதினார், சுடப்பட்டு உயிர் தப்பி மூன்று வருடம்கூட ஆகாத நேரம். அதிலும் சமாரியருக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். தன் வலியைத் தாங்குவதும் அடுத்தவன் வலியைக் குறைப்பதும் அவருக்குச் சேர்ந்தேதான் வந்தன. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நோயாளியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். முன்னெல்லாம் ஒவ்வொரு சாவுக்கும் அழுவேன். இப்போது மரத்துப்போய்விட்டது.

பதில்: சிஸ்டர், லீவு எடுங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் கிடந்த சீடர்களைப் பார்த்து, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுங்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார் (மாற்கு 6). திரும்பி வந்து ஒரு நோயாளியை, ஒருவரை மட்டும், படுக்கை நம்பர் சொல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் இந்து. இதெல்லாம் உங்கள் ஆட்களுக்கு மட்டும்தானா?

பதில்: கதையில் நல்லவராக வருகிற சமாரியர் யூதருக்கு ஆகாத கூட்டத்தைச் சேர்ந்தவர். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மயங்கி விழுந்த என் அம்மாவை நீர்மோர்ப் பந்தலுக்குள் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தவர்கள் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள்.

கேள்வி: எங்கள் அன்பியத்திலிருந்து (பங்கில் அக்கம்பக்கத்தார் கூடிச் செபிக்கும் குழு) முதல் முறையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். என்ன கொண்டுபோகலாம்?

பதில்: ஆப்பிள் வேண்டாம், பாதிப் பேரால் கடிக்க முடியாது. ஃபிளாஸ்கில் வெந்நீர், இரண்டு ஸ்ட்ரா, கூட இருக்கிறவருக்கு இட்லிப் பொட்டலம், வராண்டாவில் விரித்துப் படுக்கப் பழைய பேப்பர். போன் சார்ஜர் ஒன்று கட்டாயம், ஊருக்குப் பேச முடியாமல் சார்ஜ் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து பேருக்கு மேல் கும்பலாகப் போகாதீர்கள். செபம் சொல்லட்டுமா என்று முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் வெந்நீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போங்கள்.