மலிவுத் தோட்டாவைக் குறை சொல்லும் முன் ஜெலட்டினைச் சோதியுங்கள்

வணக்கம் நண்பரே. டெக்சாஸில் நீங்கள் சோதித்த இரண்டு மலிவான .223 ரைஃபிள் தோட்டாக்களிலும் குண்டின் எடை 55 கிரெயின்தான் (சுமார் 3.6 கிராம்), ஆனால் ஒன்று ஜெலட்டினுக்குள் (உடல் தசைக்குப் பதிலாகச் சுட்டுப் பார்க்கும் கூழ்க்கட்டி) சிதறியது, மற்றது முழுசாக வெளியேறியது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஜெலட்டினைப் பாருங்கள். 10 சதவீதக் கரைசல், 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி, இரண்டும் சரியாக இருக்க வேண்டும். காய்ச்சும்போது 40 டிகிரியைத் தாண்டினால் அதன் வலு குறைந்துவிடும். அது சரிதானா என்று பார்க்க, ஏர்கன்னில் .177 அங்குல எஃகு பிபியை (சிறு உருண்டைக் குண்டு) வினாடிக்குச் சுமார் 590 அடி வேகத்தில் சுடுங்கள், ஏறக்குறைய 8.5 செ.மீ. ஆழம் போய் நிற்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த அளவுகளை நான் நம்பவே மாட்டேன். கடையில் விற்கும் தெளிவான செயற்கை ஜெல்லில் சுட்டிருந்தால், அந்த அளவுகளை இதோடு ஒப்பிடாதீர்கள்.

அப்புறம் வேகம். இந்த வகை முழு உறைக் குண்டு (ஈயத்தைச் சுற்றி உலோக உறை போட்டது) பக்கவாட்டில் திரும்பும்போதுதான் உடைகிறது. அதற்கு வினாடிக்கு ஏறக்குறைய 2700 அடி வேகமாவது தேவை. குட்டைக் குழலில் அந்த வேகம் சீக்கிரமே இறங்கிவிடும். உறையின் தடிப்பும் உலோகமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எஃகு கலந்த உறை பலசமயம் உடையாது. குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு தோட்டாவிலும் குறைந்தது ஐந்து முறை சுட்டுப் பாருங்கள்.